சின்ன விமானம், நீளம் குறைந்த ஓடுபாதை: இறங்கும்போது ஏன் விபத்து நேர்கிறது?

செஸ்னா 172 என்று ஒரு விமானம் இருக்கிறது. நாலு பேர் உட்காரலாம்; மூக்கில் ஒற்றை எஞ்சின். 1956-இல் தயாரிக்கத் தொடங்கி இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகம் முழுக்க விமானம் ஓட்டக் கற்றவர்களில் பெரும்பகுதியினர் இதன் கதவைத் திறந்து ஏறியவர்கள்தான். தரையிறங்க வரும்போது இதன் வேகம் சுமார் 61 நாட். மணிக்கு 113 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்கரச் சாலையில் கார் போகும் வேகம்தான், பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 31 மீட்டர் போய்விடும். சக்கரம் தொட வேண்டிய இடத்தில் தொடாமல் விமானம் நாலே நொடி மிதந்தால் 125 மீட்டர் ஓடுபாதை பின்னால் போய்விட்டது. சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். அங்கே 125 மீட்டர் போனால் பயணிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு கிராமத்துப் பண்ணையின் ஓரத்தில் புல் வெட்டிப் போட்ட 500 மீட்டர் பாதையில் அது கால்வாசி.

சின்ன விமானங்களின் தரையிறங்கும் விபத்துகளைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி. செய்தியில் “கட்டுப்பாட்டை இழந்து” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கட்டுப்பாடு கடைசி நொடியில் போயிருக்கலாம். தூரம் அதற்கு இரண்டு, மூன்று நிமிடம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்திருக்கும். அது எங்கெல்லாம் கரைகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த விபத்துகளில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

அமெரிக்காவில் விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கம் ஒன்று சின்ன விமான விபத்துகளைத் தொகுத்து ஆராய்கிறது. விமானியின் பிழையால் நேரும் விபத்துகளில் எண்ணிக்கையில் முதலிடம் எப்போதும் தரையிறங்குதலுக்குத்தான். ஆனால் அவற்றில் உயிரிழப்பு குறைவு. வேகம் குறைந்திருக்கும், தரை பக்கத்திலேயே இருக்கும்; சக்கரம் உடையும், புரொப்பெல்லர் வளையும், ஆட்கள் பெரும்பாலும் இறங்கி நடந்து வந்துவிடுவார்கள். விதிவிலக்கான சில வகை உண்டு. அவை கொடூரமானவை. பின்னால் சொல்கிறேன்.

கையேடு சொல்லும் 407 மீட்டர்

172-இன் எஸ் ரகத்துக்கான கையேட்டைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கும். ஓடுபாதை தொடங்கும் இடத்தில் 15 மீட்டர் உயர மரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி இறங்கி முழுசாக நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காற்றே இல்லாத நாளில், 407 மீட்டர். இதில் சக்கரம் தரையில் உருள்வது 175 மீட்டர்தான். மீதி 232 மீட்டர் மரத்தைத் தாண்டியபின் காற்றிலேயே போகிற தூரம். புதிதாகக் கற்பவர்கள் இந்த 175-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஏமாறுவதுண்டு.

அந்த 407-க்குப் பின்னால் நிறைய நிபந்தனைகள் இருக்கின்றன. காய்ந்த, சமமான, தார் போட்ட ஓடுபாதை. நல்ல பிரேக். வேகத்தைத் துல்லியமாகப் பிடிக்கிற விமானி. கிராமத்துப் புல்பாதையில் இவை எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். பண்ணை ஓடுபாதைகள் நிறைய உள்ள பிரிட்டனில், அங்கத்திய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சின்ன விமானிகளுக்காகத் தோராயப் பெருக்கெண்கள் கொடுத்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி உயரமா, 5 சதவீதம் கூட்டு. வெப்பம் 10 டிகிரி அதிகமா, இன்னொரு 5 சதவீதம். ஈரப்புல்லா, 35 சதவீதம். பாதை 2 சதவீதம் கீழ்நோக்கிச் சரிகிறதா, 10 சதவீதம். இறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறதா, 20 சதவீதம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 1.05 பெருக்கல் 1.05, பெருக்கல் 1.35, பெருக்கல் 1.1, பெருக்கல் 1.2. விடை கிட்டத்தட்ட 1.96. அதாவது 407 மீட்டர் 800 மீட்டராகிவிட்டது. மலையேறவில்லை, புயல் அடிக்கவில்லை. மழை பெய்து விட்ட ஒரு சாதாரணக் காலை, கொஞ்சம் வெக்கை, லேசான சரிவு, முதுகில் லேசான காற்று, அவ்வளவுதான். இதற்கு மேல் பத்திரத்துக்காக 1.43 மடங்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஓடுபாதையில் 70 சதவீதத்துக்குள் நின்றுவிடும்படி திட்டமிடு என்று அதற்குப் பொருள். அப்படிப் பார்த்தால் 1,140 மீட்டர் வேண்டும். நேற்று இதே பாதையில் அழகாக இறங்கினோமே என்று நினைக்கிற விமானியின் கண் முன்னால் இருப்பது நேற்றைய பாதை இல்லை.

ஈரப்புல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தார் ரோட்டில் பிரேக் மிதித்தால் டயருக்குப் பிடிப்பு இருக்கும். ஈரப்புல்லில் பிரேக் மிதித்தால் சக்கரம் நிற்கும், விமானம் நிற்காது. பயந்துபோய் இன்னும் அழுத்தினால் வழுக்கல்தான் கூடும். அதுவும் ஒட்ட வெட்டிய, கீழே மண் கெட்டியாக இருக்கிற பச்சைப் புல் மிக மோசம். அதில் தூரம் 60 சதவீதம் வரை கூடலாம் என்று அதே ஆணையம் எச்சரிக்கிறது.

வேகம் என்கிற கடன்

என்னைக் கேட்டால், எல்லாக் காரணங்களிலும் பெரியது கூடுதல் வேகம்தான். இதில் வருத்தம் என்னவென்றால், விமானி அதைப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் சேர்த்துக்கொள்கிறார்.

இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக ஓடுகிறவரைதான் விமானம் பறக்கும். வேகம் ரொம்பக் குறைந்து, மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். தூக்கும் சக்தி சட்டென்று போகும். இதற்குத்தான் ஸ்டால் என்று பெயர். (எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) 172-க்கு ஃபிளாப்பை (இறக்கையின் பின்னோரத்தில் கீழே மடங்கும் பலகை) முழுசாக இறக்கிய நிலையில் அது நடப்பது சுமார் 48 நாட்டில். அதைப்போல 1.3 மடங்கு வேகத்தில் இறங்கி வா என்பது பொதுவிதி. கணக்குப் போட்டால் 62 வருகிறது. கையேட்டின் 61-க்குள் பாதுகாப்பு இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் சின்ன ஓடுபாதையைக் கண்டதும், எதற்கும் இருக்கட்டும் என்று 70 நாட்டில் வருவார்கள்.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 61-க்கும் 70-க்கும் வித்தியாசம் 15 சதவீதம். ஆற்றலில் வித்தியாசம் 32 சதவீதம். அந்த ஆற்றல் எங்காவது செலவாகியே ஆக வேண்டும். இன்னொரு சங்கதியும் இங்கே சேர்ந்துகொள்கிறது. விமானம் தரைக்கு மிக அருகில், தன் இறக்கை அகலத்தைவிடக் குறைந்த உயரத்துக்கு வந்ததும் (172-க்கு அது 11 மீட்டர்) காற்றின் இழுவை குறைந்துவிடும். மெத்தை மேல் வழுக்கிப் போவதுபோல இருக்கும். விமானி த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுசாக மூடி, மூக்கை லேசாகத் தூக்கிக் காத்திருக்கிறார். புல் நுனி சக்கரத்துக்குக் கீழே ஓடுகிறது. இறங்க மாட்டேன் என்கிறது. நொடிக்கு 31 மீட்டர். எதிரே வேலிக் கம்பங்களைத் தனித்தனியாக எண்ண முடிகிறது. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து ஸ்டிக்கை முன்னால் தள்ளிச் சக்கரத்தைத் தரையில் அழுத்திவிடுகிறார்கள்.

அப்படித் தள்ளினால் முதலில் தொடுவது மூக்குச் சக்கரம். பாரம் தாங்குவதற்காகச் செய்தவை பின்னால் இருக்கிற இரண்டு பெரிய சக்கரங்கள். மூக்குச் சக்கரம் திருப்புவதற்கானது, மெலிந்தது. விமானம் எகிறும். விமானி மறுபடி தள்ளுவார். இன்னும் உயரமாக எகிறும். அவர் கை எப்போதும் விமானத்துக்கு அரை நொடி பின்னால் இருப்பதால், அடக்கப் பார்க்கிற ஒவ்வொரு முயற்சியும் அடுத்த குதியைப் பெரிதாக்கும். இரண்டு மூன்று குதிகளில் மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் மண்ணைக் கொத்திவிடும். முதல் எகிறலிலேயே முழு த்ராட்டில் கொடுத்து மேலே போயிருந்தால் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

காற்று, மரம், மாடு

ஓடுபாதை ஓரத்தில் கம்பத்தில் தொங்கும் ஆரஞ்சு நிறத் துணிக்கூம்பைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் திசையையும் பலத்தையும் காட்டுவது அது. சின்ன ஓடுதளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. காற்று எப்படி என்று ரேடியோவில் சொல்ல ஆள் இருக்காது. அந்தத் துணிதான் எல்லாம். விமானத்தைத் தாங்குவது காற்றோடு ஒப்பிட்ட வேகம். ஓடுபாதையைத் தின்பது தரையோடு ஒப்பிட்ட வேகம். 10 நாட் காற்று எதிரே வந்தால் 61 நாட் விமானம் தரையில் 51-இல்தான் தொடும். அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் 71. ஒரே பாதை, ஒரே விமானம். எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறோம் என்பதில் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாறுகிறது.

பக்கவாட்டுக் காற்று வேறு விதமாகப் படுத்தும். பெரிய நிலையங்களில் இரண்டு மூன்று திசைகளில் ஓடுபாதைகள் இருக்கலாம். கிராமத்தில் ஒன்றுதான், அதுவும் நிலம் கிடைத்த திசையில். வால் சக்கரம் வைத்த பழைய வகை விமானங்களுக்கு இது பெரிய சோதனை. அவற்றின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். டிராக்டரோடு மாட்டிய டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தவருக்கு இது சட்டென்று புரியும்: கொஞ்சம் கோணல் வந்துவிட்டால் அந்தக் கோணல் தானாகவே வளரும். விமானம் தரையில் ஒரு சுற்று சுற்றி, இறக்கை நுனி மண்ணில் உரசி நிற்கும்.

மரங்களும் சேர்ந்துகொள்ளும். காற்று மரவரிசையைத் தாண்டியதும் மறுபுறம் சுழன்று கீழே இறங்குகிறது. ஓடை நீர் பாறையைத் தாண்டி விழுந்து சுழிப்பதுபோல. கடைசிப் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில், வேகம் குறைவாக இருக்கிற நேரத்தில், எதிர்க்காற்று திடீரென்று அறுந்துபோகும். விமானம் தொப்பென்று இறங்கும்.

அப்புறம் விலங்குகள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு, 1928-இல் குயின்ஸ்லாந்தின் குளோங்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைதான் ஆம்புலன்ஸ். இரவில் விமானம் வருகிறது என்றால் பண்ணைக்காரர் முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதை நெடுக ஓட்டிப்போய்க் கங்காருகளை விரட்டுவார். மின்விளக்கு இல்லாத இடமென்றால், டாய்லெட் பேப்பர் சுருளை டீசலில் ஊறவைத்து, தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தி, இரு ஓரமும் வரிசையாக வைப்பார்கள். அந்த மினுக்கொளி வரிசைக்கு நடுவில் ஒரு விமானி இறங்கி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கண் செய்யும் தவறு

விமானி உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஓடுபாதையின் வடிவத்தைப் பார்த்துத்தான். 45 மீட்டர் அகலப் பாதையில் பழகிய கண்ணுக்கு, 15 மீட்டர் அகலப் பாதை தூரத்துப் பொருள்போல ஒடுங்கித் தெரியும். ‘நான் ரொம்ப உயரத்தில் இருக்கிறேன்’ என்று மூளை சொல்லும். அவர் இன்னும் கீழே வருவார். மேல்நோக்கி ஏறும் ஓடுபாதையும் இதே பொய்யைச் சொல்லும். விளைவு, ஓடுபாதைக்கு முன்னாலேயே மரத்திலோ வேலியிலோ மேட்டிலோ மோதுவது. சக்கரம் உடைவதோடு முடியாத விபத்துகளில் இது ஒன்று.

இன்னொன்று கடைசித் திருப்பம். ஓடுபாதைக்குக் குறுக்காக வந்து, 90 டிகிரி திரும்பி அதற்கு நேராக நிற்க வேண்டும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதைச் சரிசெய்ய அதிகமாகச் சாய்த்துத் திருப்புவார்கள். உயரத்தை இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடும். 60 டிகிரி சாய்ந்தால் 41 சதவீதம். அதாவது 48 நாட் என்பது 68 ஆகிவிடும். 65 நாட்டில் வந்துகொண்டிருந்தவர் ஒன்றுமே மாற்றாமல், சாய்வை மட்டும் கூட்டி, ஸ்டாலுக்குள் போய்விடுகிறார். கூடவே வால் சுக்கானை மிதித்து மூக்கை உள்ளே தள்ளினால் உள்பக்க இறக்கை முதலில் விழும். விமானம் சுழன்று இறங்கும். தரை 150 மீட்டரில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய அந்த உயரம் போதவே போதாது. விமானப் பயிற்சியில் இந்தத் திருப்பத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

மருந்து ஒன்றுதான்: கோ-அரவுண்ட். இறங்குவதைக் கைவிட்டு, முழு த்ராட்டில் கொடுத்து, ஃபிளாப்பைப் படிப்படியாக ஏற்றி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வருவது. வேகம் கூடவா, நேர்கோடு தவறிவிட்டதா, ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடவில்லையா, யோசிக்கவே வேண்டாம், மேலே போய்விடலாம். எரிபொருள் செலவு கொஞ்சம்தான், நேரம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் மனிதர்கள் செய்வதில்லை. பக்கத்தில் நண்பர் உட்கார்ந்திருப்பார், கீழே யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள், கிட்டத்தட்ட இறங்கிவிட்டோம் என்று மனம் சொல்லும். தாமதமாக எடுத்த முடிவும் ஆபத்து. எதிரே மரம் நெருங்கியபின், ஃபிளாப் முழுசாக இறங்கியிருக்கிற விமானத்தால் வேகமாக ஏற முடியாது.

அந்த மருந்து இல்லாத ஓர் இடம்

நேபாளத்தில், எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் லுக்லா அப்படிப்பட்டது. 1953-இல் டென்சிங்கோடு எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, ஷெர்பா மக்களுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டப் பொருள் கொண்டுவர 1964-இல் அமைத்த ஓடுதளம். மண்ணைக் கெட்டிப்படுத்த ஷெர்பாக்களை அதன்மேல் வரிசையாக நின்று ஆடச் சொன்னார்களாம். தார் போட்டது 2001-இல்தான்.

நீளம் 527 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதையில் ஏழில் ஒரு பங்கு. உயரம் சுமார் 2,850 மீட்டர். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் வேகமானி அதே வேகத்தைக் காட்டினாலும் விமானம் உண்மையில் 15 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். இதைச் சமாளிக்க ஓடுபாதையே மலையேறுகிறது: 11.7 சதவீதச் சரிவு, கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் 60 மீட்டர் உயர வித்தியாசம். இறங்கும் விமானத்தை அந்த ஏற்றமே நிறுத்திவிடும். கீழ்முனைக்கு அப்பால் பள்ளத்தாக்கு. மேல்முனைக்கு அப்பால் மலை. ஒரு கட்டத்துக்கு மேல் வந்துவிட்டால் கோ-அரவுண்ட் கிடையாது. ஏறுமுகப் பாதை கண்ணுக்குச் சொல்லும் பொய்யும் இங்கே உச்சத்தில் இருக்கும்.

2008 அக்டோபர் 8 அன்று எட்டி ஏர்லைன்ஸின் ட்வின் ஓட்டர் விமானம் காத்மாண்டுவிலிருந்து 19 பேரோடு வந்தது. கடைசி நேரத்தில் மூடுபனி வந்து பாதையை மறைத்தது. ஓடுபாதையை எட்டுவதற்குச் சற்று முன்பே மோதித் தீப்பற்றியது. 18 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் தலைமை விமானி ஒருவர். 2017 மே 27 அன்று ஒரு சரக்கு விமானமும் ஓடுபாதைக்குச் சற்று முன்னால், கீழே விழுந்தது. இரண்டு விமானிகளும் போய்விட்டார்கள்.

திரும்பிப் போக முடியாத இடத்தில், இறங்குவதா வேண்டாமா என்ற முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கிறது: பள்ளத்தாக்குக்குள் நுழையும் முன், முடிந்தால் காத்மாண்டுவில் எஞ்சினைக் கிளப்பும் முன். லுக்லாவுக்கு ஓட்டுகிறவர்கள் முதலில் வேறு நீளம் குறைந்த ஓடுதளங்களில் நூறு முறையாவது ஓட்டியிருக்க வேண்டும். பிறகு பயிற்றுநரோடு லுக்லாவிலேயே பத்து முறை. மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் எழும்பிவிடும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் வந்துபோகின்றன. 2011 நவம்பரில் பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாமல் நின்றது. ஆயிரக்கணக்கான மலையேற்றப் பயணிகள் அந்தச் சின்ன ஊரில் தங்க இடம் போதாமல், கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் திறக்கிறவரை விமானங்கள் காத்மாண்டுவிலேயே நின்றன.